கல்யாண வீடியோவுக்கு ஆள் பேசுமுன்: எந்தத் தரம் வேண்டும் என்று முடிவு செய்யும் முறை

மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, அடுத்து வீடியோ. ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "எச்டியா, 4கேயா?" வீட்டார் விலையைக் கேட்டுவிட்டு, "ஒரு தடவைதானே கல்யாணம், 4கேயே போட்டுடுங்க" என்பார்கள். அட்வான்ஸ் கைமாறிவிடும். சில மாதம் கழித்துப் பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் மாப்பிள்ளை முகம் ஊதா நிறம், ஐயர் சொல்லும் மந்திரம் காதில் விழாது, படம் டிவியில் திக்கித் திக்கி ஓடும். எடுத்தது 4கேதான். அதில் யாரும் ஏமாற்றவில்லை.

காட்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் என்று சுற்றுவட்டார மண்டபங்களில் எடுத்த படங்கள் என் மேசைக்கு வருகின்றன. படம் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவில் இல்லை. பேச வேண்டியதைப் பேச வேண்டிய வரிசையில் பேசாததுதான். வீட்டார் விலையில் தொடங்கி, கேமராவுக்குப் போய், கடைசியில்தான் "எதில் பார்க்கப் போகிறோம்" என்று யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது.

முதலில் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், அங்கே ஏசி உண்டா என்ற விவரம், வீட்டு டிவியின் அளவும் மாடல் எண்ணும், மேடை அலங்காரமும் லைட்டும் போடுகிறவரின் போன் எண், ஒரு காலிப் பென்டிரைவ். இவற்றோடு, வீடியோ சம்பந்தமாகப் பேச வீட்டில் ஒரே ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். மாமா ஒன்று சொல்லி, அண்ணன் இன்னொன்று சொல்லி, பெண் வீட்டார் மூன்றாவதாக ஒன்று சொன்னால் வீடியோக்காரர் தனக்குச் சுலபமானதைத்தான் செய்வார்.

## 1. எதில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பீர்கள்?

ஃபுல் எச்டி படம் 1920 க்கு 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். 4கே 3840 க்கு 2160. சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. ஆனால் அந்த நான்கு மடங்கும் கண்ணுக்குத் தெரியுமா என்பது டிவியின் அளவையும் நீங்கள் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது.

43 அங்குல டிவியை ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால், நல்ல கண்பார்வை உள்ளவருக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். 55 அங்குலத்துக்கு அந்த எல்லை ஏழடிச் சொச்சம், 65 அங்குலத்துக்கு எட்டரை அடி. இன்றே டேப் வைத்து சோபாவுக்கும் டிவிக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள். நம் வீட்டு ஹால்களில் பெரும்பாலும் எட்டு, பத்து அடி வரும்.

நாளைக்குப் பெரிய டிவி வாங்கமாட்டோமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்யாண வீடியோ இருபது வருடம் வைத்திருந்து பார்க்கிற பொருள். அதனால் 4கேயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பகுதி 4கேயில் வேண்டும் என்று தெரிந்து கேளுங்கள் என்கிறேன். அதற்குத்தான் அடுத்த படி.

## 2. கல்யாணத்தை நேரம் நேரமாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் முந்தின நாள் மாலையிலிருந்து வரிசையாக எழுதுங்கள்: பெண் அழைப்பு, ரிசப்ஷன், காலையில் நலங்கு, ஊஞ்சல், முகூர்த்தம், மாலை மாற்றல், தாரை வார்த்தல், தாலி, அம்மி மிதித்தல், பந்தி, வழியனுப்பு. உங்கள் வீட்டு வழக்கத்தில் எது உண்டோ அது.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். இது தவறிப்போனால் மறுபடி எடுக்க முடியுமா? பந்தியில் ஒரு வரிசை விட்டுப்போனால் அடுத்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் போட்டோவுக்கு நிற்பதும் அப்படித்தான். தாலி கட்டுவது சில நொடி வேலை. தாரை வார்க்கும்போது அப்பாவின் முகம் மாறுகிற மாதிரி இன்னொரு தடவை மாறாது.

திரும்ப வராத நேரங்களுக்கு இரண்டு கேமரா, அதில் ஒன்றாவது 4கே. மற்ற நேரங்களுக்கு நல்ல ஃபுல் எச்டி போதும். பணத்தை இப்படிப் பிரித்துப் போடுவதுதான் என் கணக்கில் சரியான ஏற்பாடு. எட்டு மணி நேரம் பந்தியையும் பரிசு வாங்குவதையும் 4கேயில் எடுக்கச் செலவாகும் பணத்தில் முகூர்த்தத்துக்கு இரண்டாவது ஆளை வைத்துவிடலாம்.

முகூர்த்தத்தில் 4கே எதற்கு என்றால், மேடையில் சொந்தக்காரர்கள் சூழ்ந்து நிற்கும்போது வீடியோக்காரருக்கு நகர இடம் இருக்காது. அகலமாக 4கேயில் எடுத்து வைத்திருந்தால், அதிலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் இரண்டு மடங்கு நெருக்கி வெட்டி, எச்டித் தரம் குறையாமல் படத்தில் சேர்க்க எங்களால் முடியும். எடிட்டருக்கு 4கேயால் உண்மையில் கிடைக்கிற பெரிய லாபம் அதுதான்.

## 3. முகூர்த்த நேரத்தில் மண்டபத்தைப் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். மண்டபத்தைப் பகலில் பார்த்துப் பேசி முடித்திருப்பார்கள். முகூர்த்தமோ 4.30-6. அப்போது ஜன்னலில் பெரும்பாலும் வெளிச்சம் இருக்காது, மேடை லைட்டைத்தான் நம்ப வேண்டும். 6-7.30 முகூர்த்தமென்றால் நடுவில் சூரியன் ஏறி, கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் மணமக்களின் ஒரு கன்னத்தில் மட்டும் விழும். வேறொரு கல்யாணம் நடக்கும் நாளில் மேனேஜரிடம் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். உங்கள் போனிலேயே மேடையை ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வீடியோக்காரரிடம் பேசும்போது அதைக் காட்டலாம்.

பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது, மணமக்களுக்குப் பின்னால் எல்இடி வால் (சுவர் மாதிரி ஒளிரும் பெரிய திரை) உண்டா? பின்னால் பளிச்சென்று எரிந்து முன்னால் லைட் இல்லையென்றால் முகம் இருண்டுபோகும். முகத்துக்குத் தகுந்தபடி கேமராவைத் திருத்தினால் பின்னணி வெள்ளையாக வெளிறிவிடும். அந்தத் திரையின் வெளிச்சத்தை அரைவாசிக்கும் கீழே குறைக்கச் சொல்லுங்கள். ஆபரேட்டருக்கு அது ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, மேடை மேல் கலர் லைட். ரிசப்ஷனில் ஊதாவும் நீலமும் சுழலும்போது நேரில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த லைட் முகத்தில் விழுந்தால் கேமராவுக்குக் கிடைப்பது சிவப்பும் நீலமும் மட்டும்தான். தோலின் மற்ற நிறங்கள் அந்த வெளிச்சத்திலேயே இல்லாததால், எந்த விலைக் கேமராவில் எடுத்தாலும் எடிட்டில் மீட்க முடியாது. அலங்காரக்காரரிடம் ஒரே வரி சொல்லுங்கள்: "கலர் எல்லாம் பின் திரைக்கு மட்டும், முகத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை லைட்." ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையும் போட்டுவிட்டால் அதையும் சரிசெய்ய வழியில்லை.

மூன்றாவது, ஹோமப் புகை போக வழி உண்டா? ஃபேன் புகையை மணமக்கள் பக்கமே தள்ளினால் படம் பால் பாய்ந்த மாதிரி மங்கும். எந்த ஃபேனை நிறுத்த வேண்டும் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

ரத்தினகிரி, வள்ளிமலை மாதிரிக் கோயிலில் கல்யாணம் என்றால் கேமராவுக்கும் லைட்டுக்கும் அனுமதி உண்டா, எதுவரை உண்டு என்று கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். லைட் வைக்க முடியாத இடமென்றால் 4கேயைவிட, மங்கலான இடத்தில் தாங்குகிற பெரிய சென்சாரும் (கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) எஃப் 1.8, எஃப் 2.8 மாதிரி அதிக வெளிச்சம் உள்ளே விடுகிற லென்ஸும்தான் முக்கியம்.

## 4. மாதிரியாக ஹைலைட்ஸைப் பார்க்காதீர்கள்

ஸ்டூடியோவில் காட்டுவது மூன்று நிமிட டீசர். நூறு கல்யாணத்தில் பொறுக்கி எடுத்த காட்சிகளில் பாட்டுப் போட்டு ஒட்டியது. அதை வைத்து உங்களுக்கு வரப்போகிற மூன்று மணி நேரப் படத்தை மதிப்பிட முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது இது:

"அண்ணே, எங்க மண்டபம் மாதிரி ஒரு மண்டபத்துல நீங்க எடுத்த முகூர்த்தம், வெட்டாம பத்து நிமிஷம் காட்டுங்க. பாட்டு போடாம, கேமராவுல பதிவான சத்தத்தோட."

அதில் கவனிக்க வேண்டியவை: முகம் தெளிவாக இருக்கிறதா, அல்லது பட்டுப்புடவை மட்டும் பளிச்சென்று முகம் கறுத்திருக்கிறதா? ஜரிகையில் இழை தெரிகிறதா, வெள்ளைத் திட்டாகிவிட்டதா? கூரைப் புடவையின் அரக்குச் சிவப்பு மடிப்புத் தெரிகிறதா, ஒரே சிவப்புக் கறையாக இருக்கிறதா? நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஓடுகிறதா? ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தோலின் நிறம் மாறுகிறதா? கடைசியாகச் சொன்னது, வேறு வேறு கம்பெனிக் கேமராக்களை நிறம் ஒத்துப்போகச் செய்யாமல் ஓட்டுவதால் வருவது.

ஆரணிப் பட்டின் நெருக்கமான கட்டமும், மாப்பிள்ளைச் சட்டையின் மெல்லிய கோடும் சில கேமராக்களில் நெளிநெளியாக வானவில் மாதிரி அலையும். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட புடவை எடுத்திருந்தால் அதை ஸ்டூடியோவுக்கே எடுத்துப்போய் அவர்கள் கேமராவில் பத்து அடி தூரத்திலிருந்து ஒரு நிமிடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகச் செய்வார்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்த மாதிரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது உங்கள் பென்டிரைவில் போட்டு வாங்கி வீட்டு டிவியில் பாருங்கள்.

## 5. பதிவுத் தரம்: கேமராக்காரரிடம் கேட்க வேண்டியவை

இப்போதுதான் 4கே, எச்டிப் பேச்சு. முந்தின நான்கு படிகளும் முடிந்த பிறகு கேட்டால் பதில் உங்களுக்கே புரியும்.

நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல லைட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. 25 அல்லது 50 ஃபிரேமில், ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழுகிற நேரம்) நொடியில் 50 இல் ஒரு பங்கு அல்லது 100 இல் ஒரு பங்கு வைத்தால் அது படத்தில் தெரியாது. போனில் பழகிய 30, 60 ஃபிரேமிலேயே விட்டு, ஷட்டரையும் 60 இல் ஒரு பங்கில் வைத்தால் டியூப் லைட்டுக்கு அடியில் கறுப்புப் பட்டை உருளும். புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகள் அடிக்கடி தடுக்குவது இங்கேதான். எனவே "25 அல்லது 50இல் எடுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஸ்லோ மோஷன் எங்கெங்கே? பல கேமராக்களில் ஸ்லோ மோஷன் முறையில் ஒலி பதிவாகாது. தாலி கட்டும் நேரத்தில் இருக்கிற ஒரே கேமராவையும் அதில் போட்டுவிட்டால் கெட்டிமேளச் சத்தம் இல்லாத தாலிதான் கிடைக்கும். எடிட்டில் வேறெங்கோ எடுத்த மேளத்தை ஒட்ட வேண்டி வரும். ஒரு கேமரா சாதாரண வேகத்தில், ஒலியோடு, நிறுத்தாமல் ஓடியே ஆக வேண்டும் என்பது முதல் நிபந்தனை.

நிற்காமல் எவ்வளவு நேரம் ஓடும்? கொஞ்சம் பழைய கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தானே நின்றுவிடும். மறுபடி பட்டனை அழுத்த வேண்டும். இதோடு சூடு வேறு. வைகாசி முகூர்த்தம், ஏசி இல்லாத மண்டபம், வேலூர் வெயில், ஹோம நெருப்பு, மேடை லைட் எல்லாம் சேர்ந்தால் சின்ன உடம்புள்ள கேமரா 4கேயில் ஓடி ஓடிச் சூடேறி அணைந்துவிடும். ஏசி இல்லாத மண்டபமென்றால் முதன்மைக் கேமராவை எச்டியில் ஓட்டுவதோ, நீண்ட பதிவுக்கென்றே செய்த கேம்கார்டரை வைப்பதோ புத்திசாலித்தனம். நடுவில் நின்றுபோகிற 4கேயைவிட நிற்காத எச்டி மேல்.

எத்தனை எம்பிபிஎஸ்? ஒவ்வொரு நொடிக்கும் கேமரா எவ்வளவு தகவலை எழுதுகிறது என்பதன் அளவு இது. 4கேயை 100 எம்பிபிஎஸ்ஸில் எழுதினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு 85 நிமிடம்தான் தாங்கும். ஆகவே "முகூர்த்தம் தொடங்குறதுக்கு முன்னாடி புதுக் கார்டு போட்டுடுவீங்களா?" என்று கேளுங்கள். கார்டு இடம் போதவில்லை என்று எம்பிபிஎஸ்ஸைக் குறைத்துவிடுவதும் நடக்கிறது. பெயருக்கு 4கே இருக்கும். மேளக்காரர் கை வேகமாக அசைகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதுமா? இரண்டு கார்டுக்கு இடமுள்ள கேமராவென்றால் இரண்டிலும் ஒரே படத்தை எழுத வைக்கலாம். ஒரு கார்டு கெட்டாலும் கல்யாணம் பத்திரம். இந்த ஒரு வசதிக்காகக் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுங்கள்.

10 பிட், லாக் என்றெல்லாம் சொன்னால்? 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1024. நிறத்தை எடிட்டில் நிறையத் திருத்துகிற ஹைலைட்ஸுக்கு 10 பிட் நல்லது. லாக் என்பது வெளிறிய படமாக எடுத்து, பிறகு நிறம் கூட்டுகிற முறை. முழு நீளப் படத்தையும் 8 பிட் லாக்கில் எடுக்க வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கும் பொறுமையாக நிறம் திருத்த யாருக்கும் நேரம் கிடைக்காது; கடைசியில் தோல் சாம்பல் பூத்த மாதிரி வரும்.

8கே பற்றிச் சொன்னால் கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

## 6. ஒலியும் தரத்தில் சேர்ந்ததுதான்

நாதஸ்வரமும் தவிலும் மேடைக்குப் பக்கத்திலேயே வாசிப்பார்கள். கேமராவின் மைக் தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையில் இருந்தால், தவில் அடிக்கும்போது எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஐயர் குரலும் பெரியவர்கள் வாழ்த்துவதும் அதில் மூழ்கிப்போகும். சத்தம் எல்லை மீறிக் கரகரத்துவிட்டால் அதை மீட்க எங்களாலும் முடியாது.

கேட்க வேண்டியது: மாப்பிள்ளை சட்டையிலோ ஐயர் பக்கத்திலோ ஒரு சின்ன காலர் மைக், அதற்குத் தனி ரெக்கார்டர். ஒலி அளவைக் கையால், தாழ்வாக வைத்துவிட வேண்டும். மண்டபத்து மைக் செட்டிலிருந்து ஒரு வயர் எடுத்தால் போதும் என்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிற இடைவெளியில் அது ஊமையாகிவிடும். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

படத்தை எச்டியில் வைத்துக்கொண்டு, மிச்சப்படும் பணத்தில் நல்ல மைக் கேட்கிற வீட்டார் கடைசியில் திருப்தியாக இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்துத் தாத்தாவின் முகத்தோடு குரலையும்தானே தேடுவோம்.

## 7. எடுப்பது வேறு, கொடுப்பது வேறு

பேசும்போது எல்லாரும் விட்டுவிடுகிற இடம் இது. 4கேயில் எடுத்து எச்டியில் கொடுக்கலாம். 4கேயில் கொடுத்தாலும், பென்டிரைவில் அடங்க வேண்டுமென்று பிழிந்து கொடுக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிழிந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு: கோப்பின் ஜிபியைப் படத்தின் மணி நேரத்தால் வகுங்கள். யூடியூபில் ஏற்றும் படத்துக்கு அந்த நிறுவனம் சொல்கிற அளவு, சாதாரண ஃபிரேம் வேகத்தில் எச்டிக்கு 8 எம்பிபிஎஸ், 4கேக்கு 35 முதல் 45 வரை. அதாவது மணிக்கு எச்டி 3.6 ஜிபி, 4கே சுமார் 16 முதல் 20 ஜிபி. வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதி இதற்குக் கீழே போகக்கூடாது. எச்டியில் இதைப்போல் இரண்டு மடங்கு கேளுங்கள். மூன்று மணி நேர 4கே படம் மொத்தமே 10 ஜிபிதான் என்றால், நல்ல எச்டியைவிட அது மோசமாகத் தெரியும். இந்த எண்கள் எச்.264 என்ற, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வகைக்கு. அதைவிடப் புதிய எச்.265 வகை என்றால் ஏறக்குறைய பாதி இருந்தாலும் போதும்.

ஆனால் எச்.265ஐப் பழைய டிவிகள் படிக்காது. கறுப்புத் திரையும் சத்தமும் மட்டும் வரும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, அவர்கள் கொடுக்கப்போகிற அதே வகையில் ஒரு நிமிடக் கோப்பை உங்கள் பென்டிரைவில் வாங்கி வந்து வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலை பின்னால் வரும் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அதில் போட முடியாது. படம் துண்டு துண்டாக வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். எக்ஸ்ஃபேட் முறையில் போட்டுத் தரச் சொல்லலாம், உங்கள் டிவி அதைப் படிக்கிறதா என்று பார்த்துவிட்டு. டிவிடி கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடுங்கள். ஆனால் அது 720 க்கு 576 புள்ளிதான். எதில் எடுத்திருந்தாலும் அதற்குமேல் வராது.

## 8. ட்ரோன், நேரலை

ட்ரோன் பறக்கவிட 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுகிறவர் பைலட் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் என்று குறித்த தடை, கட்டுப்பாட்டு மண்டலங்களில் அனுமதியில்லாமல் பறக்கக்கூடாது. அப்துல்லாபுரத்தில் விமான ஓடுதளம் இருப்பதால், அந்தப் பக்கத்து மண்டபமென்றால் மண்டல வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட்டை அங்கே திட்டமிட்டால் அனுமதி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, சின்ன ட்ரோனின் சென்சார் மிகச் சிறியது. விடியுமுன் பறக்கவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

நேரலை போடுவதென்றால் மண்டபத்தில் அப்லோடு வேகத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள். நேரலைக்குப் போகும் கேமரா தன் கார்டிலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய நேரலையைக் கல்யாணப் படத்தில் சேர்த்தால் அந்தப் பகுதி மட்டும் மங்கித் தெரியும்.

## 9. பேசியதை எழுதி வாங்குங்கள்

பேக்கேஜின் பெயர் தங்கமோ வைரமோ, அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் இல்லையென்றால் பயனில்லை. பெரிய ஒப்பந்தமெல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினாலே போதும்:

"அண்ணே, நேத்து பேசினபடி: ரிசப்ஷனுக்கு ஒரு கேமரா, எச்டி 50 ஃபிரேம். முகூர்த்தத்துக்கு ரெண்டு கேமரா, ஒண்ணு 4கே 25 ஃபிரேம், ஒண்ணு எச்டி. எச்டி கேமரா நிறுத்தாம ஓடணும். ரெண்டு கார்டுலயும் பதிவு. மாப்பிள்ளைக்கு காலர் மைக். கொடுக்கறது: முழுப் படம் எச்டி, எச்.264, மணிக்கு 7 ஜிபிக்கு குறையாம. முகூர்த்தம் மட்டும் தனியா 4கே. ரா ஃபுட்டேஜ் (வெட்டாத மூலப் பதிவு) எங்க ஹார்ட் டிஸ்க்ல. எடுக்க வர்றது நீங்களா, வேற ஆளா? படம் எப்ப கைக்கு வரும்?"

கடைசி இரண்டு கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரே முகூர்த்த நாளில் நாலு கல்யாணம் ஒத்துக்கொண்டு, வெளியாளை அனுப்புவது சகஜம். மாதிரியில் நீங்கள் பார்த்தது யார் எடுத்தது என்பதும், உங்கள் கல்யாணத்துக்கு யார் வருகிறார் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பேசும்போது அட்வான்ஸ், கல்யாணத்தன்று ஒரு பங்கு, படத்தைப் போட்டுப் பார்த்த பிறகு மீதி. இதைக் கறாராகவும் மரியாதையாகவும் முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

## 10. முந்தின நாள் மாலை, பத்து நிமிடம்

ரிசப்ஷன் தொடங்குமுன், எல்லா லைட்டும் எல்இடி வாலும் எரியும்போது, மேடையில் ஒரு பையனை உட்கார வைத்து ஒரு நிமிடம் எடுக்கச் சொல்லுங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்க்காமல் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். பட்டை உருள்கிறதா, எல்இடி வாலில் கோடு ஓடுகிறதா, சீரியல் செட் படபடக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். வாலில் கோடு தெரிந்தால் ஷட்டரைக் கொஞ்சம் மாற்றினால் போதும். காலையில் தெரிந்தால் அதற்கு நேரம் இருக்காது.

அப்படியே, தாலி கட்டும்போது கேமராவுக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வருவார்கள். அவர்களை நகரச் சொல்ல வீடியோக்காரருக்கு உரிமை இல்லை, சித்தப்பாவுக்கு உண்டு.

## 11. படம் கைக்கு வந்ததும்

முழுதாக உட்கார்ந்து பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். அவசரமென்றால் நாலு இடம் பாருங்கள்: தாலி, தாரை வார்த்தல், ரிசப்ஷனில் கூட்டம் அதிகமான பகுதி, படத்தின் கடைசிப் பத்து நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தை ஏன் பார்க்க வேண்டுமென்றால், கோப்பு பாதியில் அறுந்து காப்பியாகியிருந்தால் அங்கேதான் தெரியும். ஜிபியை மணியால் வகுக்கிற கணக்கையும் போட்டுவிடுங்கள்.

குறை இருந்தால் "நல்லா இல்ல" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எத்தனையாவது நிமிடத்தில் என்ன என்று எழுதி அனுப்புங்கள். நிறமும் ஒலி அளவும் வெட்டும் திருத்தக்கூடியவை. இருட்டும் ஊதா முகமும் கரகரத்த சத்தமும் திருத்த முடியாதவை. எடிட்டரிடம் எதைக் கேட்கலாம் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

பென்டிரைவில் மட்டும் வைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். முழுப் படமும் ரா ஃபுட்டேஜும் இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். இரண்டிலும் கோப்புகள் திறக்கின்றனவா என்று போட்டுப் பார்த்த பிறகுதான், உங்களிடமுள்ளதை அழித்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதுவரை அழிக்கக்கூடாது என்பதையும் ஒன்பதாம் படியில் எழுதும்போதே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.